புயல் கடந்த மறுநாள்: கடலோர ஊருக்கு ஒரு வேலை வரிசை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. உள்ளடங்கிய ஊர்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. சாலை முழுக்க மரம் கிடந்ததால் முதல் சில நாட்கள் வெளியாட்கள் உள்ளே வரவே முடியவில்லை. அந்த நாட்களில் ஊர் தனக்குத்தானே என்ன செய்துகொள்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பிறகு வரும் நிவாரணமும் விளைச்சலும் அமையும்.

மணலும் களியும் கலந்த நிலம், உறைக்கிணறு, தென்னந்தோப்பு, சம்பா வயல், ஃபைபர் படகு: இப்படிப்பட்ட ஊரை மனதில் வைத்தே இந்தக் குறிப்புகள். எது முதலில் கெட்டுப்போகுமோ அதுதான் முதல் வேலை. உப்புநீரில் மூழ்கிய எஞ்சினுக்கு ஒரு நாள் கெடு. வயலில் நிற்கும் கடல்நீருக்குச் சில நாள். விழுந்த தென்னைமட்டைக்கு ஒரு வாரம். விழுந்த மரத்துக்குச் சில வாரம், அதற்குமேல் விட்டால் வண்டு குடியேறிவிடும். எல்லா வேலையையும் ஒரு குடும்பம் தனியாகச் செய்ய முடியாது. ஊர் ஆட்களைப் பிரித்துக்கொண்டால் முடியும்.

வெட்டுவதற்கு முன் எண்ணுங்கள்

காலையில் வெளியே வந்ததும் அரிவாளை எடுக்கத்தான் கை போகும். வழியை மறிக்கும் மரத்தை மட்டும் வெட்டுங்கள். மற்றதைத் தொடுவதற்கு முன் கணக்கு எடுத்தாக வேண்டும். கஜாவுக்குப் பிறகு அரசு ஒரு தென்னைக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவித்தது. கணக்கெடுக்க ஆள் வரும்போது மரம் விறகாகப் போயிருந்தால் அது இருந்தது என்று எதைக் காட்டுவது?

ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பேர் போதும். ஒருவர் அந்தத் தெருக்காரர், மற்றவர் வேறு தெருக்காரர். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஆடு, கோழி, தையல் மிஷின், அடகுச்சீட்டு போன்ற இழப்புகளை ஆண்கள் கேட்பதும் குறைவு, அவர்களிடம் சொல்லப்படுவதும் குறைவு. மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் இதற்குப் பொருத்தமானவர்கள்.

நோட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். வீடு முழுதாகப் போனதா, பாதியா, தென்னை எத்தனை, அதில் காய்ப்பு மரம் எத்தனை, கன்று எத்தனை, படகின் பதிவு எண், எஞ்சின் எண், வலை எந்த வகை, எத்தனை கிலோ, மாடு, ஆடு, நிலம் பட்டாவா, குத்தகையா, கோயில் நிலமா, தொலைந்த ஆவணங்கள் என்னென்ன. குத்தகைக்காரரையும் கூலி ஆட்களையும் விடாமல் எழுதுங்கள். தேங்காய் பறிப்பவர், மட்டை உரிப்பவர், கீற்று முடைபவர், கருவாடு விற்பவர் ஆகியோருக்குத் தங்கள் பெயரில் ஒரு மரமோ படகோ இருக்காது, ஆனால் அடுத்த பல வருடத்துக் கூலி போயிருக்கும். அரசுப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாவிட்டாலும் ஊர் நோட்டில் இருக்கட்டும். உதவிப் பொருள் பிரிக்கும்போது ஊர் பார்ப்பது அந்த நோட்டைத்தான்.

மரத்துக்கு எண் போடும்போது பலர் செய்யும் தவறு, நடுத்தண்டில் எழுதுவது. தண்டு துண்டாகிப் போய்விடும். வேரோடு சாய்ந்த மரத்துக்கு வேர்ப்பந்துக்கு மேலே ஓரடிக்குள் பெயிண்டால் எழுதுங்கள். முறிந்த மரத்துக்கு நிற்கும் அடிமரத்தில், வெட்டும் மட்டத்துக்குக் கீழே. அந்த எண்ணும் உரிமையாளரும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு போட்டோ. அவற்றை சிக்னல் கிடைத்த உடனே வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தாலும் படம் இருக்கும்.

தினமும் மாலை ஐந்து மணிக்கு, கோயில் வாசலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, எல்லாத் தெருவும் தயங்காமல் வரக்கூடிய ஓர் இடத்தில், அன்றைய கணக்கைச் சத்தமாகப் படிக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தார் மட்டும் தனியே உட்கார்ந்து பார்த்தால் போதாது. பத்து மரத்தை இருபது என்று சொன்னவர் பக்கத்துத் தோப்புக்காரர் முன்னால் அதைக் கேட்கும்போது தானே திருத்திக்கொள்வார். விட்டுப்போன குடியிருப்பும் அங்கேதான் தெரியவரும். கடைசித் தெருவிலிருந்து ஒரு பக்கம்கூட நோட்டில் இல்லை என்றால், மறுநாள் முதல் வேலை அங்கே போவது. கணக்கு முடிந்ததும் ஒரு நகலை கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து, தேதியுடன் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீடு கட்டியவர்கள் தனி. அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் புயலில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும்.

அன்றே பார்க்க வேண்டிய எஞ்சின்

கடல்நீரில் மூழ்கிய அவுட்போர்டு எஞ்சினை வெளியே எடுத்தவுடன் கயிற்றை இழுத்துப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். இழுக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே ஏறும்போது அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். மணல் இருந்தால் சிலிண்டர் சுவரைக் கீறிவிடும். உப்புநீரை விட, உப்புநீரில் நனைந்த இரும்பின் மேல் படும் காற்றுதான் வேகமாகத் துருவை ஏற்றுகிறது. அதனால் நேரம் ஓடத் தொடங்குவது எஞ்சினை வெளியே எடுத்த பிறகுதான்.

மூடியைக் கழற்றி, நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் மணல் போகக் கழுவுங்கள். ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி எஞ்சினைச் சாய்த்து, ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் வழியும். சுற்றும்போது கரகரவென்றாலோ பிடித்தாலோ நிறுத்திவிடுங்கள். அதற்கு மெக்கானிக் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். சுலபமாகச் சுற்றினால் கார்புரேட்டர், எண்ணெய்க் குழாய், டேங்க் மூன்றையும் காலிசெய்து பெட்ரோலால் அலசுங்கள். பிளக் ஓட்டை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, மறுபடி பத்துச் சுற்று. கியர் பெட்டியின் அடித் திருகைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது; முழுவதும் மாற்ற வேண்டும்.

நூறு எஞ்சின் மூழ்கி, மெக்கானிக் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால்? காத்திருக்கும் எஞ்சின்களை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி அதற்குள் மூழ்கவையுங்கள். தண்ணீரிலேயே கிடக்கவிடுவது கேட்கத் தவறாகத் தோன்றும். காற்றுப் படாமல் வைப்பதுதான் நோக்கம். ஒன்றிரண்டு நாள் இப்படித் தாங்கும்.

ஃபைபர் படகின் உடைசலுக்கு அவசரம் கிடையாது, உண்மையில் அவசரம்தான் அதைக் கெடுக்கிறது. ஈரத்தின் மேல் ரெசின் என்ற பிசினைப் பூசினால் பால் நிறமாக வெளுத்து, பிசுபிசுவென்று நின்று, முதல் அலையில் உரிந்து வரும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பிறகு தார்ப்பாய் நிழலில் வேலையைத் தொடங்குங்கள். உடைந்த நாரையெல்லாம் கிரைண்டரால் எடுத்துவிட்டு, ஓட்டையைச் சுற்றிப் படகுச் சுவரின் கனத்தைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் சுவருக்கு எல்லாப் பக்கமும் 7 சென்டிமீட்டருக்கு மேல் வரும். சரிவு குட்டையாக இருந்தால் ஒட்டு அதே இடத்தில் திரும்ப விடும்.

மேட் என்ற கண்ணாடிநார் விரிப்பில் 450 கிராம் வகை ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் தரும். ஒரு சதுர மீட்டருக்கு 1.1 கிலோ ரெசின் பிடிக்கும். கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் 10 முதல் 20 மில்லி. வெயில் நாளில் குறைவாக, குளிர்ந்த நாளில் கூடுதலாக. மூன்று நான்கு அடுக்குக்கு மேல் ஒரே மூச்சில் போட்டால் சூடேறி வெடிப்பு விழும், ஆறவிட்டுத் தொடருங்கள். ஒன்றை மட்டும் ஊரில் வேலை கற்கும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்ட்னரைத் திறக்க வேண்டும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கிணறு

கடல்நீர் புகுந்த கிணற்றை மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைப்பது கடற்கரையில் செய்யக்கூடாத காரியம். மணலுக்கடியில் நல்ல தண்ணீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. வேகமாக இறைத்தால் அந்தப் படலம் மெலிந்து, கீழே இருக்கும் உப்புநீர் மேலே ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகும் இந்த எச்சரிக்கை தரப்பட்டது. ஒருமுறை மெதுவாக இறைத்து, சேற்றை வாரி எடுங்கள். உப்புக் குறையவில்லை என்றால் விட்டுவிட்டு மழைக்குக் காத்திருங்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் ஆகும்.

குடிக்க, கடலிலிருந்து தள்ளி, மேட்டில், நீர் புகாத இரண்டு மூன்று கிணறுகளை ஊர் தேர்ந்தெடுக்கட்டும். யார் வீட்டுக் கிணறாக இருந்தாலும் எல்லாரும் எடுக்கலாம் என்பதை முதல் மாலைக் கூட்டத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். பச்சைத் துணி கட்டியது குடிக்க, சிவப்புத் துணி கட்டியது புழங்க.

பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது? கிணற்றின் உள்விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். நாலடி உறை, அதாவது 1.2 மீட்டர், நீர் 3 மீட்டர் என்றால் சுமார் 3,400 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றை முதல்முறை சுத்திகரிக்க 1,000 லிட்டருக்குப் புதுப் பவுடர் 67 கிராம். இந்தக் கிணற்றுக்கு 230 கிராம் அளவில் வரும். குறைந்தது அரைமணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி விட்டு, குளோரின் நெடி போகும்வரை மெதுவாக இறைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதன்பின் தினசரிக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும்.

பவுடரை அப்படியே கிணற்றில் கொட்டுவதுதான் வழக்கமான தவறு. சுண்ணாம்பு அடியில் படிந்து, மேல்நீருக்கு மருந்து போய்ச் சேராது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பைத் தூரக் கொட்டிவிடுங்கள். தினசரி மருந்து போட்டு ஒரு மணி நேரம் கழித்து, மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டரிடம் இருக்கும், குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பால் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் பவுடர் பழசு. மூட்டை பிரித்து நாளானதில் நெடியே இருக்காது, வீரியமும் இருக்காது.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வாடகைக்கு வரும்போது, அதை மோட்டாருக்கு மட்டும் நேரடியாக இணையுங்கள். வீட்டு வயரிங்கில் சொருகினால் அந்த மின்சாரம் வெளிக் கம்பிக்குத் திரும்பப் போகும். அறுந்த கம்பியை நம்பிப் பிடிக்கும் மின்வாரியத் தொழிலாளியின் உயிர் அதில் இருக்கிறது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓட்டவும் கூடாது, அதன் புகை தூக்கத்திலேயே கொல்லும்.

ஊர்ச் சமையல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர்களுக்கு அது தெரியும். நூறு பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி 12 கிலோ, சாம்பாருக்குப் பருப்பு 2.5 கிலோ என்று கணக்கு வைத்தால் சரியாக வரும். வயிற்றுப்போக்கு தொடங்கினால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். உப்புக் கூடினால் குழந்தைக்கு ஆபத்து, குறைந்தால் பரவாயில்லை. செத்த மாடுகளை அன்றே புதைக்க வேண்டும். ஆறடிக் குழி, ஆனால் நம் மணலில் நாலடியிலேயே ஊற்று வரும். எனவே மேடு தேடிப் போங்கள், குடிநீர்க் கிணற்றுப் பக்கம் வேண்டாம்.

வயலில் நிற்கும் கடல்நீர்

நீர் இறங்கும்வரை காத்திருந்தால் உப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். கடல்நீர் வந்த அன்றோ மறுநாளோ தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டி வடியவிடுங்கள். இது ஒருவர் வயலில் முடிகிற வேலை இல்லை. மேல்வயல் நீர் கீழ்வயலில் இறங்கும், கீழ்வயல்காரர் அடைப்பார், சண்டை வரும். வடிகால் வாய்க்காலைக் கடைசி மதகிலிருந்து மேல்நோக்கித் தூர்வாரிக்கொண்டே வந்தால் அந்தச் சண்டைக்கு இடமிருக்காது.

வடிந்த பிறகு அதே வரப்பை உடனே கட்டிவிட வேண்டும். இங்கேதான் பலர் தளர்ந்துபோகிறார்கள். பயிர் போன வயலுக்கு வரப்பு எதற்கு என்று தோன்றும். நவம்பர் நடுவில் புயல் வந்தால் வடகிழக்குப் பருவமழை முடிய இன்னும் ஐந்தாறு வாரம்தான் மிச்சம். அந்த மழைதான் இலவசமாகக் கிடைக்கும் நல்ல தண்ணீர். தேக்கி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, வடித்து, மறுபடி தேக்குங்கள். இப்படி மூன்று நான்கு முறை. மழையை வீணாக்கிவிட்டுத் தையில் வயல் காய்ந்தால், அடிமண் உப்பு ஈரத்தோடு மேலேறி வெள்ளையாகப் பூக்கும்.

மழை முடிந்ததும் 15 சென்டிமீட்டர் ஆழம்வரை பல இடத்தில் மண் எடுத்துக் கலந்து, மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். நாகை மாவட்டத்துக்கு, சிக்கல் என்ற ஊரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையம் பக்கம். மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்தால் நெல் விளைச்சல் குறையும். ஜிப்சம் எல்லா உப்பு நிலத்துக்கும் மருந்து இல்லை. மண்ணில் சோடியம் ஏறிக் களர் ஆகியிருந்தால் மட்டும்தான் பயன். யாரோ லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள் என்பதற்காகப் போடாதீர்கள். கோடை மழையிலோ ஆற்றுநீர் வந்ததுமோ பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். அடுத்த சம்பாவுக்கு திருச்சி 1 போல உப்புத் தாங்கும் ரகம் எடுங்கள். கடல்நீர் ஏறாத மேட்டு நிலத்தில் மட்டும் உளுந்து போடலாம், ஏக்கருக்கு 8 கிலோ விதை, 70 நாளில் கைக்குக் காசு. உளுந்துக்கு உப்பு துளியும் ஆகாது.

தோப்பு

முதல் வாரத்தில் மரத்தை விட மட்டைக்குத்தான் அவசரம். கண்ணுக்கெட்டிய தூரம் மட்டையாகக் கிடக்கும்போது அதன் மதிப்பு தெரியாது. தோப்பு போனால் அடுத்த பல வருடங்களுக்குக் கீற்று வெளியூரிலிருந்துதான் விலைக்கு வரும். பச்சையாக இருக்கும்போதே மட்டையை நடுவில் பிளந்து, குளத்தில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு முடையுங்கள். காய்ந்துவிட்டால் ஓலை மடிக்கும் இடத்தில் ஒடியும். கீற்று முடையத் தெரிந்தவர்களுக்கு ஊர்ப் பணத்திலிருந்து கீற்றுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால், அவர்களுக்கும் வேலை, ஊருக்கும் கூரை.

அடுத்து, எந்த மரம் பிழைக்கும் என்று பார்க்க வேண்டும். நின்றாலும் குருத்து முறுக்கிக்கொண்டோ ஒடிந்தோ இருந்தால் அந்த மரம் முடிந்தது. தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான். சாய்ந்திருந்தாலும் ஒரு பக்க வேர் மண்ணில் இருந்து, குருத்து நேராக இருந்தால், இளமரத்தைக் காப்பாற்றலாம். சாய்ந்ததற்கு எதிர்ப்புறம் வேர்ப்பந்து இறங்கும்படி மண்ணைத் தோண்டி, தண்டின் கீழ்ப்பாதியில் சாக்கைச் சுற்றி, அதன்மேல் கயிறு கட்டி மெதுவாக நிமிர்த்துங்கள். கொண்டையில் கட்டி இழுத்தால் குருத்து உடையும். நிமிர்த்தியதும் மண்ணை மிதித்து இறுக்கி, மூன்று பக்கம் முட்டுக் கொடுங்கள்.

பிழைத்த மரத்தின் குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து அழுகல் நாற்றம் அடித்தால் குருத்தழுகல். அழுகியதைச் செதுக்கி எடுத்துவிட்டு 10 சதவீத போர்டோ பசை தடவி, மழைநீர் இறங்காமல் பாலித்தீன் கட்டுங்கள். பசைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோவை 5 லிட்டரிலும், நீற்றிய சுண்ணாம்பு 1 கிலோவை இன்னொரு 5 லிட்டரிலும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் திரிந்துபோகும். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. படியாமல் வரும்வரை சேர்க்க வேண்டும். அப்படியே பூசினால் குருத்தே கருகும்.

இனி விழுந்த மரங்கள். அழுகும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும், காயம்பட்ட மரத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். ஒருவர் தோப்பைச் சுத்தம் செய்து பக்கத்துத் தோப்பு அப்படியே கிடந்தால் இரண்டு தோப்புக்கும் அழிவுதான். எனவே வெளியூரில் இருக்கும் தோப்புக்காரரின் மரத்தையும் ஊரே அகற்றிவிட்டு, செலவைக் கணக்கில் எழுதுங்கள். தண்டை நாலைந்தடித் துண்டாக்கி, நீளவாக்கில் பிளந்து வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும். காய்ந்த தண்டில் வண்டு வளராது. குவித்து மண்ணை மூடி விடுவதுதான் மோசம், அது வண்டுக்கே கட்டிக்கொடுத்த வீடு.

அறுக்கும்போதுதான் புயலில் தப்பியவர்கள் அடிபடுகிறார்கள். இரண்டு மரத்துக்கு நடுவே வில்லாக வளைந்து கிடக்கும் தண்டை வெளிவளைவில் அறுத்தால் பட்டென்று தெறிக்கும். முதலில் உள்வளைவில் கொஞ்சம், பிறகு வெளிப்புறம், ஆள் பக்கவாட்டில் நின்று. வேரோடு சாய்ந்த மரத்தை அடியில் அறுத்ததும் வேர்ப்பந்து குழிக்குள் திரும்ப எழுந்து விழும். குழிக்கருகே குழந்தைகள் நிற்கக் கூடாது. தென்னந்தண்டின் வெளிப்புறம் கடினம், மணலும் ஒட்டியிருக்கும், செயின் சீக்கிரம் மழுங்கும். தண்டைத் துடைத்துவிட்டு அறுத்து, அடிக்கடி அரம் போடுங்கள். மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டுவதால் வரும் விபத்துகள் அதிகம்.

நிற்கும் மரங்களுக்கு, உச்சியிலிருக்கும் மூன்று மட்டைக் கக்கத்தில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வையுங்கள். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை 5 லிட்டர் நீரில் ஊறவைத்து, மண்பானைகளில் தோப்பில் ஆங்காங்கே வைத்தால் வண்டு தேடிவந்து விழும். புதிய மட்டை விடத் தொடங்கியதும் உரம் கொடுக்கலாம். காய்ப்பு மரத்துக்கு வருடத்துக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, மரத்திலிருந்து ஆறடி தூரத்துக்குள் சுற்றிலும் போடுங்கள்.

கூரை

தார்ப்பாயை வந்தவுடன் ஆணியடித்துக் கட்டாதீர்கள், ஆணி இடத்தில் கிழியும். ஓரத்தைக் கம்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினால் ஒரு மழைக்காலம் தாங்கும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸை நனைத்து, உடைக்காமல் எடுங்கள். தூள் நுரையீரலுக்கு விஷம். மறுபடி தகரம் போடும்போது காற்று பிடிப்பது ஓரத்திலும் முகட்டிலும்தான். அந்த வரிசைகளில் தகர நெளிவின் ஒன்றுவிட்டு ஒரு மேட்டில், தகரத்தைக் கட்டையோடு பிடிக்கும் ஜே ஹூக் கொக்கி, நடுவில் இரண்டுவிட்டு ஒன்று. சுவருக்கு வெளியே நீட்டம் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். கூரைக் கட்டையைச் சுவரோடும் தூணோடும் கம்பியால் இறுக்கிக் கட்டாவிட்டால், எத்தனை ஹூக் போட்டாலும் கூரை கட்டையோடு சேர்ந்தே பறக்கும். ஆதரவற்றோர், முதியவர், கணவனை இழந்தவர் வீடுகளுக்கு முதல் கூரை. வாரத்தில் ஒரு நாள் எல்லாத் தெரு இளைஞரும் இந்த வேலைக்கு என்று ஒதுக்கினால், தெருவுக்கு இரண்டு வீடு மூடலாம்.

நாற்றங்கால்

பேரிடருக்குப் பின் தென்னங்கன்று விலை ஏறும், தரம் இறங்கும். வாங்கும் கன்றுக்கு 9 முதல் 12 மாத வயது, 6 இலை, கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கம் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் நல்ல கன்று கிடைக்கும், ஆனால் ஊரெல்லாம் போய் நின்றால் எல்லாருக்கும் போதாது. அதற்காக ஊரே ஒரு நாற்றங்கால் போட்டுக்கொள்வது நல்லது.

தாய்மரம் நம் தோப்பிலேயே நிற்கிறது. காற்று நேராக மோதிய வரப்பில், மறைவு எதுவும் இல்லாமல் நின்று, வருடத்துக்கு நூறு காய்க்குக் குறையாமல் தந்துகொண்டிருந்த நெட்டை மரங்களைத் தேடிக் குறித்து வையுங்கள். வீட்டு மறைவில் பிழைத்த மரத்தை இதில் சேர்க்க வேண்டாம். அதற்குக் கிடைத்தது சுவரின் பாதுகாப்பு. முற்றிய காய்களைக் கயிற்றில் கட்டி இறக்கி, இரண்டு மாதம் நிழலில் மணலில் வைத்து, பிறகு ஓரடிக்கு ஓரடி இடைவெளியில் மணற்பாத்தியில் பதியுங்கள். ஐந்து மாதத்தில் முளைக்காததைப் பிடுங்கி எறியுங்கள். பின்தங்கி முளைப்பது நட்டபிறகும் பின்தங்கும்.

நடும்போது 25 அடிக்கு 25 அடி, ஏக்கருக்கு 70 கன்று, குழி மூன்றடிக்கு மூன்றடி. ஆனி ஆடியிலோ மார்கழி தையிலோ நடலாம். நெட்டை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை இடையில் நிலக்கடலை, எள், காய்கறி போட்டுக் காப்பாற்ற வேண்டும். கடல்பக்க வரப்பில் சவுக்கும் பனையும் வரிசையாக வையுங்கள். தென்னை சாய்ந்த அதே தோப்பு ஓரத்தில் பனை நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். பனங்கொட்டை ஆவணி புரட்டாசியில் பள்ளிப் பிள்ளைகள் பொறுக்கினாலே போதும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கன்று கொடுக்கும்போதும் பழைய நோட்டுதான். எந்தப் பக்கத்தில் எத்தனை மரம் போனதோ அந்தக் கணக்குக்கு ஏற்பக் கன்று. மரமே இல்லாத கூலிக் குடும்பத்துக்கு வீட்டுக் கொல்லைக்கு இரண்டு. கொடுத்த கன்றின் தாய்மரம் எது என்ற எண்ணையும், முதல் இரண்டு கோடைக்கு அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள்.